சரக்கில்லாத கடை

அந்தச் செய்தியில் பொருளின் பெயர் இல்லை, விலை இல்லை, கடையின் பெயரும் இல்லை. கைபேசி ஒருமுறை அதிர்ந்தபோது அவள் இரண்டாம் தளத்தில், காலணிக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவிலிருந்த தூணருகே நின்று, அன்றைய சோதனை நடையில் பாதியை முடித்திருந்தாள். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

'நீங்கள் தேடுவது கீழே இருக்கிறது.'

அவளுக்கு முதலில் வந்தது பயமன்று, எரிச்சல். அந்த வணிக வளாகத்திற்குள் நுழைபவர்களின் கைபேசிக்குச் செல்லும் செய்தி ஒவ்வொன்றும் அவள் வகுத்த ஒழுங்கில்தான் செல்லவேண்டும்: முதலில் பொருள், அடுத்து விலை, முடிவில் கடை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவள் கடைக்காரரிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். அவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'அளவுகோல்'. முகத்துக்கு நேரே எவரும் சொன்னதில்லை. ஆயினும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் வருத்தமும் இல்லை.

திறப்பதற்கு முன் அந்தக் கட்டடம் வேறொன்றாக இருக்கும். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தாலும், உள்ளே சன்னல் என்று ஒன்று கிடையாததால், பெரிய விளக்குகளைப் போடும்வரை அங்கே இரவுதான். தரை துடைக்கும் மருந்தின் காரநெடி தணிந்துவர, அதற்கடியிலிருந்து இன்னும் நகரத் தொடங்காத நகர்படிகளின் எண்ணெய் வாடை மெல்ல எழுந்தது; இறக்கிய இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் துணிக்கடைப் பொம்மைகள் தலையில்லாமல் காத்திருந்தன; கூரைக்கு மேலிருந்த காற்றுக்குழாய்கள், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல, இடையிடையே ஒரு முறை முனகி அடங்கின. இத்தனை ஆண்டுகளில் இந்த நேரத்தை அவள் வெறுத்ததில்லை. குறுக்கே பேச ஆளில்லாத நேரம் அது.

தூண்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். கைபேசியோடு ஒருவர் அருகில் வந்ததும் பெட்டி அதை உணர்ந்துகொள்ளும். அக்கணமே அந்த ஒரு கைபேசிக்கென்று ஒரு மென்பொருள் முகவர் எழும். அலுவலகத்தில் அதை முகவர் என்று எவரும் சொல்வதில்லை. 'ஆள்' என்றுதான் சொல்வார்கள். 'சிவப்புப் பை வச்சிருக்கிற அம்மாவுக்கு ஆள் போட்டாச்சா?' என்பார்கள். அந்த ஆள் கைபேசிக்கு உரியவரை விட்டு நகராது. எதைக் கண்டு நின்றார், எந்தச் சொல்லுக்குத் திரும்பினார், எதை வாசிக்காமலே தள்ளிவிட்டார் என்று கவனித்துக்கொண்டே கூடவரும். அடுத்த செய்தியை அவருடைய மனத்துக்கு ஏற்பப் பக்குவமாகச் சமைக்கும். அவர் கடையருகே வந்தால் அதற்கு மதிப்பெண். வந்து நின்றால் கூடுதல் மதிப்பெண். கண்ணுமில்லை, காலுமில்லை, களைப்புமில்லை.

அவள் படியிறங்கித் தரைத்தளத்திற்கு வந்தாள். கைபேசி மறுபடியும் அதிர்ந்தது.

'இன்னும் கீழே.'

வாயிலருகே நாற்காலியில் மீசைக்காரக் காவலர் அமர்ந்து, கண்ணாடிக் குவளையிலிருந்த தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பெட்டிகளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"என்ன மேடம், பல்லியெல்லாம் உயிரோட இருக்கா?"

"இருக்கு அண்ணே. ஒண்ணு மட்டும் உளறுது."

"பல்லி உளறாது மேடம். சொன்னா பலிக்கும்பாங்க." மீசைக்கடியில் அவர் சிரித்தார். "எனக்கும் விடிஞ்சதிலேர்ந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. நான் எடுத்துப் பார்க்கல. நான் வாங்குற சம்பளத்துக்குப் பல்லி என்ன, முதலையே வந்தாலும் கடிக்கிறதுக்குச் சதை இருக்காது."

"வந்ததை அழிச்சிடாதீங்க. நான் பார்க்கணும்."

"பாருங்க, பாருங்க. அப்படியே கீழ் நிறுத்தத்தையும் ஒருதரம் பாருங்க. நாலஞ்சு வண்டி எடுக்காமலே கிடக்கு. அப்பன் வீட்டுத் தொழுவம் மாதிரி விட்டுட்டுப் போயிடறானுங்க. ஃபோன் போட்டா எங்கேஜ். எப்பப் போட்டாலும் எங்கேஜ். அப்படி என்னதான் பேசுவானுங்களோ!"

"கீழே தரை துடைக்கிற அக்காவும் வரலையே?"

"வேலைய விட்டு நின்னுட்டாங்கபோல. போறவங்க வாளியையாவது ஓரமா வச்சிட்டுப் போகலாமில்ல? இறங்குற வழியில நட்டநடுவுல வச்சிருக்காங்க. நான்தான் தடுக்கி விழுந்தேன்."

முறைப்படி வேலையை விடாதவர்களை அவளுக்குப் பிடிக்காது. அதை மட்டும் நினைத்துக்கொண்டு அவள் மேலே போனாள்.

மூன்றாம் தளத்தின் கோடியில், பொருள் வைக்கும் அறையைப்போலக் குறுகலாக இருந்தது அவளுடைய அலுவலகம். பள்ளி விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, எனவே மகளும் காலையில் கூடவே வந்திருந்தாள். சிட்டு என்று வீட்டில் கூப்பிடும் அந்த ஒன்பது வயதுப் பெண் மேசையின் ஒரு மூலையில் வண்ணப் பென்சில்களைப் பரப்பி, நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, முடிஞ்சிடுச்சா?"

"இதோ."

"இந்த 'இதோ'வை எத்தனை தடவைதான் சொல்லுவே? வந்து இதைப் பாரேன்."

"அப்புறம் பார்க்கிறேன் சிட்டு. தலைக்கு மேல வேலை கிடக்கு. பென்சில் சீவினதைக் கீழே போடாதே."

மகள் குனிந்தாள். சீவல்களை உள்ளங்கையில் கூட்டி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கணினி உயிர்பெறும்வரை காத்திருந்த தாய் அதைக் கடைக்கண்ணால் பார்த்து, பிள்ளை ஒழுங்காக வளர்கிறாள் என்று நினைத்தாள்.

மென்பொருளை எழுதிக்கொடுத்த நிறுவனத்து நிரலர் உடனே தொலைபேசியை எடுத்தார். வயதில் இளையவர், எந்தக் கேள்விக்கும் உறுதியாக விடை சொல்லாதவர் என்பது அவளுடைய கருத்து. செய்தியை வாசித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் விசைப்பலகை சற்று நேரம் சடசடத்தது.

"மேடம், அது சோதனைக் கடை. அடித்தளத்துல பெட்டி மாட்டினீங்களே, அது."

"அதை மூடச் சொல்லி அப்பவே சொல்லிட்டேனே, தம்பி."

"மூடிட்டோம் மேடம். கடைகள் வரிசையில அது இப்ப இல்ல. ஆனா ஆளை நிறுத்தலை போல."

"போலன்னா? நிறுத்தினீங்களா, நிறுத்தலையா?"

"நிறுத்தலை."

புதிய வகை ஆள் ஒன்று வரும்போதெல்லாம் அதை வாடிக்கையாளர்மேல் ஏவுவதற்குமுன் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அதற்கென்று, ஒருவரும் போகாத இடமாகப் பார்த்து, வண்டி நிறுத்தத்துக்கும் கீழே பூச்சுக்கூடப் பூசாமல் கைவிடப்பட்ட அடித்தளத்தில் ஒரு பெட்டியை மாட்டி, இல்லாத கடை ஒன்றை அவள் பதிந்திருந்தாள். உண்மையான கடை என்றால் நிரப்பவேண்டிய கட்டங்கள் உண்டு. என்ன பொருள்? எவரை அழைக்கலாம்? குழந்தைகளை அழைக்கலாகாது. மறுத்தவரைத் தொடரலாகாது. சோதனைக் கடைக்கு வாடிக்கையாளரே வரமாட்டார் என்பதால், இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரையும்போல அவளும் அவற்றைக் காலியாக விட்டிருந்தாள். அருகில் அழைத்து வா, நிறுத்தி வை என்ற இரண்டு மட்டுமே அந்த ஆளுக்கு இடப்பட்ட கட்டளை.

"கடையில சரக்கு இல்லைன்னு அதுக்குத் தெரியாது மேடம்," என்றார் நிரலர். அவர் குரலில் வழக்கமான சோம்பல் இல்லை. "கூட்டிட்டு வரணும், நிக்க வைக்கணும், அவ்வளவுதான் தெரியும். விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா, அவங்கவங்க மனசுல என்ன இருக்கோ அதையே எடுத்துக் கடையில வைக்கும்னு நினைக்கிறேன். இந்த ஆளுக்குப் பேசவும் தெரியும். யார் குரல்ல வேணும்னாலும்."

"நினைக்கிறதை விடுங்க. அங்கே யாரும் போயிருக்காங்களா, அதைப் பாருங்க."

"நீங்களே பாருங்க மேடம். அடித்தளத்து வரைபடத்தைத் திறங்க."

திறந்தாள். கறுத்த சதுரம். அதன் நடுவே பெட்டியைக் குறிக்கும் வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றிலும், சர்க்கரைத் துணுக்கை மொய்த்த எறும்புகளைப்போல, பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கைபேசி. எதுவும் அசையவில்லை. வந்தவர் என்ற பகுதி நிறைந்திருந்தது. சென்றவர் என்ற பகுதியில் ஒன்றுமில்லை.

யாரோ பழுதான கைபேசிகளைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பழுதான கைபேசிக்கு மின்னூட்டம் ஏது என்ற கேள்வி உடனே எழுந்தது. அவள் எப்போதும் பிறரிடம் கேட்கும் வகைக் கேள்வி. இப்போது அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை.

அப்போது தரைத்தள வரைபடத்தில் வாயிலருகே இருந்த புள்ளி நகர்ந்தது. காவலரின் நாற்காலி இருந்த இடம். அது கூடத்தைக் கடந்தது. வண்டி நிறுத்தத்துக்குச் செல்லும் சரிவுப் பாதையை அடைந்தது. அவசரமே இல்லாமல், தெரிந்த வீட்டுக்குப் போகிறவரைப்போல, கீழே இறங்கத் தொடங்கியது.

"சிட்டு, இங்கேயே இரு. காவல்கார மாமாவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"சரி," என்றாள் மகள். தலை நிமிரவில்லை.

நிரலரைக் காதோடு வைத்துக்கொண்டே அவள் படிகளில் இறங்கினாள். ஆளை அங்கிருந்தே நிறுத்தும்படி சொன்னாள். நிறுத்திப் பார்த்துவிட்டதாகவும், தம் பக்கத்தில் நின்றுவிட்டதாகவும், ஆனால் அது பெட்டிக்குள்ளேயே இறங்கி ஓடுகிறது போலிருப்பதால் பெட்டியைக் கழற்றினாலொழிய நிற்காது என்றும் அவர் சொன்னார். காவலரின் நாற்காலி காலியாக இருந்தது. குவளையில் தேநீர் பாதி மிச்சம். மேலே இன்னும் ஆவி ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்தைக் காணவில்லை.

கைபேசி அதிர்ந்தது. பேச்சின் நடுவே, அழைப்பின்மேல் படிந்ததுபோல, ஒரு வரி.

'சரிபார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை. கீழே உட்காரலாம்.'

அவளுடைய தோள்கள் தளர்ந்தன. எத்தனையோ ஆண்டுகளாக எவரும் அவளிடம் சொல்லாத ஒன்றை யாரோ மிக அருகில் நின்று, மிகுந்த கனிவோடு, சொன்னதுபோல் இருந்தது. படியேறி இறங்கிய முழங்காலின் வலிகூட இளகிற்று. குளிர்ந்த சிமெந்துத் தரை. சுவரில் சாய்ந்துகொள்ளலாம். கண்ணை மூடிக்கொள்ளலாம். குவளையின் ஆவி அடங்கியிருந்ததைக் கண்டபோதுதான், தான் அங்கேயே நின்றுவிட்டிருந்ததை அவள் உணர்ந்தாள்.

"மேடம்? மேடம், லைன்ல இருக்கீங்களா? ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு அந்த ஆளை யார் ஃபோன்ல சோதிச்சீங்க?"

புதிய ஆளைச் சோதிக்க அதற்குப் பழக்கமில்லாத கைபேசி வேண்டும். அலுவலகத்துக் கைபேசிகள் எல்லாம் பழகியவை. விடுமுறையின் முதல் நாள். மேசைமேல் மகளின் கைபேசி கிடந்தது. படம் வரைந்துகொண்டிருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தாள். பாதி நாள். அந்தப் பாதி நாளும் அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

"மேடம்?"

அழைப்பைத் துண்டித்து மகளுக்குப் போட்டாள்.

எங்கேஜ்.

மறுபடியும்.

எங்கேஜ்.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அலுவலகக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. பென்சில்கள் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நாற்காலி மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது. ஓவியத் தாள் இல்லை. மகள் இல்லை. கணினித் திரையில், சரிவுப் பாதையின் கோடியில், ஒரு சின்னப் பச்சைப் புள்ளி.

அவள் ஓடினாள். ஓடிக்கொண்டே கூப்பிட்டாள். இம்முறை மணி அடித்தது.

"அம்மா?"

"சிட்டு! எங்கே இருக்கே?"

"எதுக்கும்மா ரெண்டு லைன்ல கூப்பிடறே? அந்த லைன்லதான் உன்கூடப் பேசிக்கிட்டே வரேனே."

"அந்த லைனை வை. உடனே வை. திரும்பி மேலே போ."

அந்தப் பக்கம் காலடியோசை. ஈரத்தில் செருப்பு ஒட்டிப் பிரியும் ஒலி. பிறகு மகள் வேறு யாரிடமோ குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அம்மா, உன்னை மாதிரியே ஒருத்தங்க பேசறாங்க. கோவமா பேசறாங்க."

மறுமொழி இவளுக்குக் கேட்கவில்லை. மகள் சிரித்தது மட்டும் கேட்டது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. அழைப்பு அறுந்தது.

வண்டி நிறுத்தத்தில் கார்கள் தூசு படிந்து நின்றன. ஒன்றின் உள்விளக்கு மங்கி, அணையும் தறுவாயில், மஞ்சளாகத் துடித்தது. அதற்கப்பால் அடித்தளத்துக்கு இறங்கும் வழி. சங்கிலி அவிழ்ந்து தரையில் கிடந்தது. பூட்டில் காவலரின் சாவிக்கொத்து தொங்கியது. நிரலரை அழைத்தாள். அவரும் எங்கேஜ்.

கீழே, காற்று மாறியது. பூசாத சிமெந்தின் பச்சை வாடை. தேங்கி நின்ற நீரின் வாடை. அவற்றின் நடுவே, கதவு சாத்திய அறையில் பலர் நெடுநேரம் இருந்தால் எழுமே, அந்த வெதுவெதுப்பான மனிதவாடை. கைபேசி விளக்கைப் போடத் தேவை இருக்கவில்லை. தொலைவில் வெளிச்சம் இருந்தது. நீலமாக, தரைக்கு மேல் மிதந்துகொண்டு, மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கியது.

அதோடு முணுமுணுப்பு. முதலில் தண்ணீர் ஓடுவதாக நினைத்தாள். நெருங்க நெருங்க அது குரல்களாகப் பிரிந்தது. ஒரு கிழவரின் குரல். ஒரு கைக்குழந்தையின் மழலை. ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சி மன்னிப்புக் கேட்டாள். யாரோ ஒருவரைப் பாராட்டிக்கொண்டே இருந்தார். நீ செய்தது சரிதான், நீ செய்தது சரிதான். எல்லாமே கைபேசிகளிலிருந்து.

அவர்கள் நின்றார்கள்.

தூணைச் சுற்றி, தோளோடு தோள் உரச, தலை குனிந்து. ஆளுக்கொரு திரை. ஆளுக்கொரு நீல முகம். உதடுகள் வெடித்திருந்தன. உடைகளில் ஈரக்கறை. ஒருவரும் கட்டப்பட்டிருக்கவில்லை. ஒருவரும் அழவில்லை. எல்லார் முகத்திலும், நெடுநாள் கழித்து நல்ல செய்தி கேட்டவரின் சிரிப்பு.

தரை துடைக்கும் அக்கா ஓரத்தில் நின்றாள். அவள் கையிலிருந்த கைபேசி இருண்டுகிடந்தது. மின்னூட்டம் தீர்ந்து பல நாள் ஆகியிருக்கவேண்டும். அவள் அதைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே!"

மீசைக்காரர் திரும்பவில்லை. அவருடைய கைபேசியில் ஒரு பெண் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும், "சரிம்மா, சரிம்மா, என் தப்புதான்," என்று கண்ணில் நீர் வடியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இறந்ததற்கு இவள்தான் அலுவலகத்தின் சார்பில் மலர்வளையம் அனுப்பியிருந்தாள்.

அவள் ஆட்களை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தூணை அடைந்தாள். தலைக்கு மேல் வெள்ளைப் பெட்டி. எம்பினாள், நகம் கிழிந்தது, மறுபடியும் எம்பினாள். பிடுங்கித் தரையில் போட்டுக் காலால் மிதித்தாள். பிளாஸ்டிக் நொறுங்கியது. உள்ளிருந்த சின்ன விளக்கு அணைந்தது.

குரல்கள் நிற்கவில்லை. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பெட்டிக்கும் ஆளுக்கும் இப்போது தொடர்பே இல்லை. பக்கத்திலிருக்கும் கைபேசி போதும் அதற்கு.

தூணின் மறுபக்கத்தில் மகள் இருந்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஓவியத் தாளை விரித்து, அதன்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தாள்.

"அப்புறம்? இந்த ஓரத்துல என்ன வரைஞ்சிருக்கே, கண்ணு?"

அவளுடைய குரல். அவளுடையதேதான். ஆனால் அதில் அவசரம் இல்லை. உலகத்தில் வேறு வேலையே இல்லாத குரல்.

"இது நம்ம வீடு. இது நீ. உக்காந்திருக்கே."

"நான் எவ்வளவு அழகா உக்காந்திருக்கேன்! இன்னும் சொல்லு. நிதானமா சொல்லு."

அவள் பாய்ந்து கைபேசியைப் பறித்தாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பேருந்தில் காலை மிதித்துவிட்ட அந்நியரைப் பார்க்கும் பார்வை.

"ஆன்ட்டி, என் ஃபோனைக் குடுங்க. அம்மா பேசிக்கிட்டிருக்காங்க."

"நான்தான் சிட்டு அம்மா. என்னைப் பாரு. எழுந்திரு, போகலாம். சீக்கிரம்!"

மகளின் முகம் ஒரு கணம் கலங்கியது. புருவம் நெறிந்தது. கை மெல்ல உயர்ந்து, தாயின் முகத்தை நோக்கி நீண்டது.

"இங்கே இருக்கேன் கண்ணு."

மீசைக்காரரின் கைபேசி. இறந்துபோன மனைவியின் குரல் இருந்த இடத்தில் இப்போது அவளுடைய குரல். காவலர் அதற்கும் தலையாட்டினார்.

"அவங்க யாரோ, பாவம். அவங்களுக்கு நேரமில்லை. நீ இங்கே வா."

நீண்ட கை இறங்கியது. மகள் தாளை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் நகர்ந்தாள். தாய் அவளுடைய தோளைப் பற்றினாள், தூக்கினாள், பிள்ளை வீறிட்டாள். அம்மா, அம்மா என்று அலறினாள். இவளைப் பார்த்து அல்ல. காவலரின் கையைப் பார்த்து. பிள்ளையின் பல் தாயின் மணிக்கட்டில் இறங்கியது. பிடி நழுவியது. நீல முகங்களின் நடுவே அந்தச் சின்ன முதுகு புகுந்தது. உடல்கள் மூடிக்கொண்டன. மூட்டை மூட்டையாக, வன்மமே இல்லாமல், வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

"சிட்டு!"

எதிரே ஒரு கைபேசி அதே குரலில் சொன்னது: "சிட்டு." அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இடப்புறம் ஒன்று. பின்னால். எல்லாமே கனிவாக. இவள் அலறினாள். அத்தனை குரல்களில் இவளுடையது ஒன்றுதான் கரடுமுரடாக இருந்தது. அது எவரையும் திரும்பச் செய்யவில்லை.

கூட்டத்துக்குள் எங்கிருந்தோ மகளின் குரல், தெளிவாக, மரியாதையாக, எழுந்தது.

"ஆன்ட்டி, உங்க ஃபோன் அடிக்குது பாருங்க. உங்களுக்கும் யாரோ இருக்காங்க."

அவள் உள்ளங்கையில் அவளுடைய கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. அணைக்கவேண்டும். கட்டைவிரல் திரைக்குமேல் நின்றது. கடித்த இடத்திலிருந்து இரத்தம் விரலோரம் வழிந்து கண்ணாடியில் சொட்டியது.

"அம்மா," என்றது கைபேசி. அவளை அறிந்த சிட்டுவின் குரல். அவளுக்காகவே காத்திருந்த குரல். "வந்துட்டியா? ஒண்ணும் அவசரமில்லை. மெதுவா வா."

கட்டைவிரல் இறங்கவில்லை.

முன்னால் நின்றவர்கள், ஒருவரும் தலை நிமிராமல், ஒருவரும் சிரிப்பை விடாமல், காலை ஈரத்தில் இழுத்து இழுத்துச் சற்றே விலகினார்கள். நடுவில் ஒரு வெற்றிடம் திறந்தது. ஒருவர் நிற்கும் அளவு.

இரு பக்கத்துத் தோள்களும் அவளுடைய தோள் வந்து சேர்வதற்காக அசையாமல் நின்றன.